கீழ் வீட்டுக் கக்கூஸில் தண்ணீர் மேலே ஏறுகிறது, நாளைக்குத் தலை தீபாவளி மாப்பிள்ளை வருகிறார். உடனே என்ன செய்வது?

வாய்க்கால்மேடு:
பெருந்துறைப் பக்கம், கீழ்பவானி வாய்க்காலுக்குக் கீழ்ப்புறம் எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். மத்தியானத்திலிருந்து கக்கூஸில் ஒரு வாளி ஊற்றினால் கோப்பை விளிம்பு வரை ஏறி நின்று அப்புறம் மெதுவாக இறங்குகிறது. மாடியில் வாஷிங் மெஷின் தண்ணீரை விட்டதும் எங்கள் குளியலறைத் தரை ஜாலி வழியாகக் கறுப்புத் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றம் சமையலறை வரைக்கும். ரப்பர் கப் வைத்து அமுக்கினேன், களக் களக்கென்று சத்தம் வருகிறதே தவிர வேறொன்றும் இல்லை. செப்டிக் டேங்க் பொடக்காளியில், அதாவது வீட்டுப் பின்புறத்தில் இருக்கிறது. அப்பா வீடு கட்டும்போதே செங்கல்லில் கட்டியது, இரண்டு அறை. அதிலிருந்து வெளியேறும் தண்ணீர் சிமெண்ட் உறை இறக்கிய குழிக்குப் போகிறது. கடைசியாக எப்போது எடுத்தோம் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு வருஷம் சொல்கிறார்கள். நாளைக் காலையில் தங்கச்சியும் மாப்பிள்ளையும் வந்துவிடுவார்கள். கூப்பிட்ட பிளம்பர்கள் எல்லாரும் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். கடைக்காரர் ஆசிட் ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா?

குழாய்வேலை திருப்பூர்:
ஆசிட் வேண்டாங்க. தேங்கி நிற்கிற தண்ணீரில் ஊற்றினால் நீர்த்துப்போய்விடும், துணி, நாப்கின் எதையும் அது கரைக்காது. நாளைக்கு அடைப்பு எடுக்க ஸ்பிரிங் கம்பி விடுகிற ஆள் மேல் அந்தத் தண்ணீர் தெறித்தால் தோல் போய்விடும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால் வருகிறவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடின குளியலறையில் அது ஆளையே சாய்த்துவிடும்.

முதல் வேலை, மாடிக்குத் தண்ணீர் போகிற கேட் வால்வை மூடுவது. வீட்டிலேயே தாழ்வான வாய் உங்கள் குளியலறைத் தரைதான். அதனால் மேலே அவர்கள் விடுவதெல்லாம் உங்களிடம்தான் வெளியே வரும், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சொன்னால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்காதீர்கள், சொல்லிவிட்டு மூடுங்கள்.

அப்புறம் அடைப்பு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க வேண்டும். அது தெரியாமல் குச்சி விட்டால் கோப்பைக்குக் கீழே இருக்கிற வளைவு உடைந்துவிடும். வீட்டை ஒட்டிய சேம்பர், அதாவது கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேர்கிற சின்னத் தொட்டி, அதன் மூடியைத் திறங்கள். சேம்பர் காய்ந்து கிடந்து கக்கூஸில் மட்டும் நின்றால் அடைப்பு வீட்டுக்குள். முதல் சேம்பர் நிரம்பி அடுத்தது காலியாக இருந்தால் நடுவில் இருக்கிற குழாயில். எல்லாச் சேம்பரும் நிரம்பியிருந்தால் டேங்கைப் பாருங்கள். டேங்க் மூடியைத் திறந்ததும் தள்ளிப்போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள், காற்று வருகிற பக்கமாக நின்று போன் டார்ச்சில் பாருங்கள், தலையைக் குனிந்து உள்ளே விடாதீர்கள். உள்ளே மீத்தேன் இருக்கும், பீடி, தீக்குச்சி எதுவும் ஆகாது. தீபாவளி வேறு, பசங்க அந்தப் பக்கம் வெடியோ மத்தாப்போ கொண்டு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாய்க்கால்மேடு:
பார்த்துவிட்டேன் அண்ணா. இரண்டு சேம்பரும் விளிம்பு வரை. டேங்கிலும் தண்ணீர் மூடிக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது, உள்ளே வருகிற குழாயும் வெளியே போகிற குழாயும் கண்ணுக்கே தெரியவில்லை. அப்போ டேங்க் நிரம்பிவிட்டது, அவ்வளவுதானே?

குழாய்வேலை திருப்பூர்:
டேங்க் எப்போதுமே நிரம்பித்தான் இருக்கும் தம்பி, அது அப்படித்தான் கட்டப்பட்டது. வெளியே போகிற குழாயின் அடிமட்டம்தான் அதன் சரியான மட்டம், ஒரு வாளி உள்ளே வந்தால் ஒரு வாளி வெளியே போக வேண்டும். அந்தக் குழாயே மூழ்கிக் கிடக்கிறது என்றால் கோளாறு அதற்கு அந்தப் பக்கம். ஒன்று குழாய் வாயில் மேலே மிதக்கிற ஏடும் கசடும் அடைத்திருக்கிறது, இல்லையென்றால் உறைக்குழி தண்ணீரை வாங்கவில்லை. உங்கள் வீட்டு லைனில் அடைப்பு இல்லை என்றே நினைக்கிறேன். இன்றைக்கு ராத்திரிக்கு லாரி பிடித்து எடுப்பதுதான் வழி.

மாமரத்தோப்பு:
எதுக்குங்க லாரி. எங்கள் ஊரில் ஒரு ஆள் இருக்கிறார், கூப்பிட்டால் உள்ளே இறங்கி அரை மணி நேரத்தில் குத்திவிட்டு வந்துவிடுவார். செலவும் கம்மி.

ஈரோட்டு வக்கீல்:
இந்த யோசனையை யாரும் எடுக்க வேண்டாம். டேங்குக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்கிற விஷவாயு இருக்கும், காற்றைவிடக் கனமானது, கீழேயே தங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ‘வாடை போய்விட்டது, இறங்கலாம்’ என்று நினைக்கிற நேரத்தில்தான் ஆள் விழுவார். தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் உள்ளேயே விழுவார். செய்தித்தாளில் வருகிற சாவுகளில் பல இப்படித்தான் ஜோடி ஜோடியாக நடக்கின்றன. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்கிற 2013 சட்டப்படி பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை டேங்குக்குள் இறக்குகிறவருக்கு முதல் தடவையே 2 வருஷம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். வேலை கொடுத்த வீட்டுக்காரரும் இதில் அடக்கம். இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உச்ச நீதிமன்றம் 2023-இல் உயர்த்தியது. சட்டத்தை விடுங்கள். யாரோ ஒருவர் நம் கக்கூஸுக்காக உள்ளே இறங்க வேண்டும் என்று நினைப்பதே கேவலம்.

மாமரத்தோப்பு:
தெரியாமல் சொல்லிவிட்டேன், விடுங்க.

பொள்ளாச்சி அம்மிணி:
கண்ணு, லாரி வருகிற வரைக்கும் வீட்டைப் பார். தரை ஜாலி மேல் ஒரு பாலித்தீன் பை, அதற்கு மேல் மணல் கட்டின சாக்குப் பை, நல்லா அழுத்தி வை. முழுசாக நிற்காது, ஆனால் வேகம் குறையும். குளியலறைப் பக்கம் தரையை ஒட்டி பிளக் பாயிண்ட் இருந்தால் மெயினை அணைத்துவிட்டு அப்புறம் கால் வை. நிலத்தடிக் குடிநீர்த் தொட்டி பொடக்காளியில்தான் என்றால் அதில் இந்த அழுக்குத் தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று பார், சந்தேகமாக இருந்தால் குடிக்கிற தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளைக்கும் சேர்த்து. கழுவும்போது கையுறை, முட்டி வரைக்கும் பூட்ஸ். முதலில் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்து அழுக்கை எடு, அப்புறம்தான் பிளீச்சிங் பவுடர் கரைசல். அழுக்கு மேலேயே பிளீச்சிங் தூவினால் பவுடர்தான் வீண். நனைந்த மிதியடி, துடைப்பம் எல்லாவற்றையும் தூக்கிப் போடு, பாவம் பார்க்காதே. ராத்திரிக்குப் பக்கத்து வீட்டில் கேள், பண்டிகைக்குப் பலகாரம் கேட்கிறோம், இதைக் கேட்க வெட்கம் என்ன?

ஈரோட்டு வக்கீல்:
லாரிக்கு 14420-க்குப் போன் செய்து பாருங்கள், கழிவுநீர்த் தொட்டி விஷயத்துக்கான இலவச எண். இல்லையென்றால் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் உரிமம் வாங்கின வண்டிகளின் எண் இருக்கும். வண்டி வந்ததும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்தில் இதற்கென்றே சுத்திகரிப்பு நிலையம் கட்டியிருக்கிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாக வாய்க்காலில் விடுகிற வண்டியும் உண்டு, அந்தத் தண்ணீர் கீழே இருக்கிற ஊர்க் கிணறுகளுக்குத்தான் போகும்.

வாய்க்கால்மேடு:
லாரி ராத்திரி தாமதமாகத்தான் வந்தது. பண்டிகை ரேட் என்று கூடக் கேட்டார்கள், கொடுத்துவிட்டோம். ஆனால் ஒரு சந்தேகம். உறிஞ்ச உறிஞ்ச மட்டம் இறங்கியது, வெளியே போகிற குழாய் தெரிந்ததும் அதிலிருந்து தண்ணீர் திரும்ப டேங்குக்குள்ளேயே கொட்டியது. டிரைவர் சிரித்துக்கொண்டே ‘இது குழித் தண்ணீர், எத்தனை லோடு எடுத்தாலும் வரும்’ என்று சொல்லிவிட்டு வண்டி நிரம்பியதும் போய்விட்டார். ராத்திரி கக்கூஸ் நன்றாக இறங்கியது. காலையில் டேங்கைப் பார்த்தால் யாரும் தண்ணீர் விடாமலே மட்டம் பாதிக்கு மேல் ஏறியிருக்கிறது. மாப்பிள்ளை வந்தாகிவிட்டது. அவர் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருக்கும்போது நான் குச்சியை வைத்து டேங்கை அளந்துகொண்டிருக்கிறேன்.

அரச்சலூர் தறிக்காரர்:
இதைத்தான் கேட்கலாம் என்று இருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா?

வாய்க்கால்மேடு:
ஓடுகிறது. நன்செய்ப் பாசனத்துக்குத் தண்ணீர் விடுகிற தவணை, ஆகஸ்ட்டிலிருந்தே. மழையும் சேர்ந்துகொண்டது.

அரச்சலூர் தறிக்காரர்:
அப்போ உங்கள் வியாதி அதுதான். கீழ்பவானி பிரதான வாய்க்கால் மண் கரை வாய்க்காலாகவே வெட்டினது, கசிவு உண்டு. வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் திறந்து 120 நாள் ஓடும். தண்ணீர் ஓடுகிற அந்த நாட்களில் எங்கள் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஏறிவிடும், விவசாயத்துக்கு அது வரம். செப்டிக் குழிக்கு அப்படி இல்லை. உங்கள் உறைக்குழியின் அடிப்பாகம் நிலத்தடி நீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது. அது உறிஞ்சுகிற குழி இல்லை இப்போது, கிணறு. டேங்கைக் காலி செய்ததும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் குழாய் வழியாக உங்கள் டேங்குக்கு வந்துவிட்டது. வாய்க்கால் நின்று மண் காய்ந்த மாதங்களில் இதே குழி ஒரு தொல்லையும் கொடுத்திருக்காது, அதனால்தான் வீட்டில் யாருக்கும் கடைசியாக எடுத்தது ஞாபகமில்லை.

நம் பக்கத்து மேஸ்திரிகளுக்கு ஒரு பழக்கம், குழி ஆழமாகப் போனால் நன்றாக உறிஞ்சும் என்று பாறை தட்டுகிற வரை உறை இறக்குவார்கள். கீழே பாறையும் தண்ணீரும் இருக்கும்போது ஆழம் போய் ஒரு பிரயோஜனமும் இல்லை, மேல்மண்தான் உறிஞ்சும்.

குழாய்வேலை திருப்பூர்:
சரியாகப் பிடித்தீர்கள், அந்த வாய்க்கால் விஷயம் எனக்குத் தோன்றவில்லை. திருப்பூரில் எங்களுக்கு மழைக்காலத்தில் மட்டும் இப்படி வரும். தம்பி, இன்னொரு லோடு எடுத்து டேங்கை ஒட்டக் காலி செய்யாதீர்கள். சுற்றிலும் மண்ணில் தண்ணீர் நிற்கும்போது காலி டேங்கின் செங்கல் சுவர் வெளி அழுத்தத்தில் உள்ளே சாய்ந்துவிடும், பிளாஸ்டிக் டேங்க் என்றால் தரையைப் பிளந்துகொண்டு மிதந்தே வந்துவிடும். பாக்டீரியா பவுடர், ஈஸ்ட், சாணிக் கரைசல் என்று யாராவது சொன்னாலும் செலவழிக்காதீர்கள், நிலத்துத் தண்ணீரை எந்தப் பவுடரும் குடிக்காது.

இப்போதைக்கு டேங்குக்குப் போகிற தண்ணீரைக் குறையுங்கள். கக்கூஸ் தண்ணீர் மட்டும் போகட்டும். குளியலறை, வாஷிங் மெஷின், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் சேம்பரில் சேர்வதற்கு முன்னாலேயே பிரித்து, ஒரு பைப் போட்டுத் தென்னைக்கும் வாழைக்கும் விடுங்கள். வீட்டுக் கழிவுநீரில் பெரும்பங்கு அதுதான்.

பொள்ளாச்சி அம்மிணி:
குடிக்கிற கிணறு, போர் அந்தக் குழிக்குப் பக்கத்திலா? குழி தண்ணீரில் மூழ்கியிருக்கிறது என்றால் கிணற்றிலும் அதே தண்ணீர்தானே கண்ணு.

வாய்க்கால்மேடு:
போர் வீட்டுக்கு முன்பக்கம், எழுபது எண்பது அடி தள்ளி. ஆனாலும் இப்போதைக்குக் குடிக்க ஊர்க் குழாய்த் தண்ணீர்தான், போர்த் தண்ணீரைப் பரிசோதனைக்கும் கொடுக்கப் போகிறேன். வாஷிங் மெஷின் பைப்பை மாடியிலிருந்து நேராகத் தென்னைக்கு இறக்கிவிட்டேன், மாப்பிள்ளைதான் ஏணியைப் பிடித்துக்கொண்டார், அவருக்கு எல்லாம் தெரிந்துபோச்சு. குளியலறைத் தண்ணீரையும் பிரித்தாகிவிட்டது. சாயங்காலம் அளந்தால் மட்டம் காலையில் இருந்ததைவிட இரண்டு விரல்தான் கூடியிருக்கிறது, கக்கூஸ் இறங்குகிறது. நிரந்தரமாக என்ன செய்யலாம்?

அரச்சலூர் தறிக்காரர்:
தரைக்கு ஆறு அடிக்குள் தண்ணீர் நிற்கிற இடத்தில் குழியே வேண்டாங்க. தரைக்கு மேலேயே மேடு கட்டி, அதில் ஜல்லி பரப்பி, நடுவில் ஓட்டை போட்ட பைப் விட்டு, மேலே மண் மூடி, அகலமாக நீளமாகத் தண்ணீரைப் பரத்த வேண்டும். மேடு டேங்கைவிட உயரமாக வந்தால் நடுவில் ஒரு சின்னத் தொட்டியும் மோட்டாரும் தேவைப்படும். நாங்கள் மேட்டு ஓரத்தில் கல்வாழை வைத்திருக்கிறோம், தண்ணீரை நன்றாக இழுக்கிறது. பழைய உறைக்குழிக்குப் போகிற குழாயை மூடிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த ஆகஸ்ட்டில் அது மறுபடி திரும்பி வரும்.

வாய்க்கால்மேடு:
இப்போதே ஆள் வைத்து ஆரம்பிக்கலாமா, வாய்க்கால் நிறுத்தின பிறகா?

அரச்சலூர் தறிக்காரர்:
மேடு வேலையை இப்போதே செய்யலாம், இப்போதுதான் தண்ணீர் எவ்வளவு உயரம் வருகிறது என்று கண்ணால் தெரியும். பொடக்காளியில் தண்ணீர் தெரிகிற வரை குழி ஒன்று வெட்டி விட்டுப் பாருங்கள், தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதற்கு மேலே எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்துங்கள். டேங்க் அடிக் கசடு எடுப்பதை மட்டும் வாய்க்கால் நிறுத்திக் கிணற்று மட்டம் இறங்கின பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வாரம் ஒரு தடவை குச்சி விட்டு அளந்து, தண்ணீர் மட்டம் ஏறி உள்ளே வருகிற குழாயைத் தொடப் போனால் லாரிக்குச் சொல்லி மேல் தண்ணீரை மட்டும் பாதி எடுக்கச் சொல்லுங்கள்.

வாய்க்கால்மேடு:
ஜல்லி என்ன சைஸ்?

அரச்சலூர் தறிக்காரர்:
ஒன்றரை இஞ்ச். தூசி இல்லாமல் கழுவிப் போடச் சொல்லுங்கள்.