ஒரே டிஸ்க்கில் மட்டும் திரும்பத் திரும்பச் செக்சம் எர்ரர்: டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டுமா?

நெல்லைவாசி:

வணக்கம். வீட்டில் ட்ரூநாஸ் (கோப்புகளைச் சேமித்துப் பகிரும் சர்வர் மென்பொருள்) போட்ட சர்வர் ஓடுகிறது. 4 டிபி டிஸ்க் நான்கு, ரெய்டு-இசட்1 (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும் அமைப்பு), ரேம் 16 ஜிபி. நான்கு டிஸ்க்கும் மதர்போர்டின் சாட்டா போர்ட்டுகளிலேயே இருக்கின்றன. எல்லாமே சுமார் 31,000 மணி நேரம் ஓடியவை.

மூன்றாவது டிஸ்க் மட்டும் 'டிகிரேடட், டூ மெனி எர்ரர்ஸ்' என்று வருகிறது. ரீட் 0, ரைட் 6, செக்சம் (படித்த தரவு எழுதியதோடு ஒத்துப்போகாத பிழை) 214. மற்ற மூன்றிலும் எல்லாம் பூஜ்யம். 'இசட்பூல் க்ளியர்' (பிழை எண்ணிக்கையை அழிக்கும் கட்டளை) கொடுத்து ஸ்க்ரப் (எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டினால் சரியாகிவிடும். நாலைந்து நாளில் மறுபடி அதே கதை. 'இசட்பூல் ஸ்டேட்டஸ் -வி' பட்டியலில் கெட்டுப்போன கோப்பு எதுவும் இல்லை.

அந்த டிஸ்க்கின் ஸ்மார்ட் எண்கள் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்பவை): 5ஆம் வரிசை 0, 197 பூஜ்யம், 198 பூஜ்யம், 199 மட்டும் 38. லாங் டெஸ்ட் பிழையில்லாமல் முடிந்தது. சாட்டா கேபிளை மாற்றிப் பார்த்தாயிற்று, பலனில்லை. கடையில் "டிஸ்க் போயிடுச்சு, புதுசு போடுங்க" என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

வைகைக்கரை:

இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஆனால் முதலில், திரும்பக் கிடைக்காதவற்றை (புகைப்படம், பத்திர நகல், கணக்கு) ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் நகலெடுத்துத் தனியே வையுங்கள். ரெய்டு-இசட்1-இல் ஒரு டிஸ்க் தடுமாறும்போது இன்னொன்று போனால் பூல் (நான்கு டிஸ்க்கும் சேர்ந்த சேமிப்பிடம்) முழுவதும் போய்விடும். ஸ்னாப்ஷாட்டும் (ஒரு நேரத்து நிலையின் பதிவு) அதே பூலில்தான் இருக்கிறது, அதை நம்ப முடியாது.

5 என்பது கெட்ட இடத்துக்கு மாற்றாக ஒதுக்கிக்கொண்ட செக்டர்கள். 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 படிக்கவே முடியாதவை. மூன்றும் பூஜ்யம், லாங் டெஸ்டும் பாஸ் என்றால் தட்டின் மேற்பரப்பில் குறையில்லை. 199 டிஸ்க்குக்கும் போர்ட்டுக்கும் இடையே தரவு போகும் வழியில் வந்த சிஆர்சி (தரவு சிதையாமல் வந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்பு) பிழையின் எண்ணிக்கை. அது குறையவே குறையாது. கேபிளை மாற்றினாலும் பழைய 38 அப்படியே நிற்கும். ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. இப்போதைய எண்ணைக் குறித்துக்கொண்டு ஸ்க்ரப் முடிந்தபின் மறுபடி பாருங்கள்.

அடுத்து, சர்வரை அணைத்துவிட்டு இரண்டாவது டிஸ்க்கின் சாட்டா கேபிளையும் மூன்றாவதன் கேபிளையும் மதர்போர்டு பக்கம் இடம் மாற்றிச் செருகுங்கள். இசட்எஃப்எஸ் (ட்ரூநாஸ் பயன்படுத்தும் கோப்பு முறை) டிஸ்க்கில் எழுதியிருக்கும் லேபிளை வைத்து அடையாளம் காண்பதால் பூலுக்கு ஒன்றும் ஆகாது. பிழை இரண்டாவதற்குத் தாவினால் போர்ட்டில் கோளாறு. கழற்றும் முன் ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் பார்த்து மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். தவறான டிஸ்க்கை உருவிவிட்டுத் திண்டாடுவது இதில் அடிக்கடி நடப்பது.

முத்துச்சரம்:

வைகைக்கரை சொன்ன பேக்கப்பும் டேப்பும் கட்டாயம். ஆனால் கேபிள், போர்ட் பக்கம் எனக்குச் சந்தேகம் குறைவு. காரணம் செக்சம் கட்டத்தில் இருக்கும் அந்த 214.

கேபிள் மோசமாக இருந்தால் சிஆர்சி அதைப் பிடித்துவிடும். பிடித்தால் அதே தரவு மறுபடி அனுப்பப்படும். மறுமுயற்சியும் தோற்றால்தான் இசட்எஃப்எஸ்ஸுக்கே தெரியவரும், அதுவும் ரீட் அல்லது ரைட் கட்டத்தில். தப்பான தரவு சத்தமில்லாமல் உள்ளே நுழைவது கேபிள் கோளாறில் மிக அரிது. 38 சிஆர்சி பிழைக்கு 214 செக்சம் பிழை என்பது பொருந்தவில்லை. ரேம் கெட்டிருந்தால் பிழை நான்கு டிஸ்க்கிலும் சிதறி வரும். உங்களுக்கு ஒன்றில் மட்டும்.

மிச்சம் இருப்பது மின் இணைப்பு. எழுதச் சொன்ன தரவை டிஸ்க் முதலில் தன் கேஷில் (தற்காலிக நினைவகம்) வாங்கி வைத்துக்கொள்ளும். அந்த நொடியில் பவர் பிளக் கண் இமைக்கும் நேரம் விட்டுப் பிடித்தால் கேஷில் இருந்தது போயிற்று. டிஸ்க் மறுபடி எழுந்து 'நான் தயார்' என்கிறது, கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) லிங்க்கை ரீசெட் செய்து மேற்கொண்டு போகிறது. எழுதியாயிற்று என்று இசட்எஃப்எஸ் நம்பும் இடத்தில் பழைய தரவு கிடக்கும். பிறகு ஸ்க்ரப் அதைப் படிக்கும்போது செக்சம் ஒத்துப்போகாது. உங்கள் ரைட் 6-ம் இதற்குப் பொருந்துகிறது.

சோதிக்க ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். நான்கு டிஸ்க்குக்கும் 'ஸ்மார்ட்சிடிஎல் -ஏ' ஓட்டி 12ஆம் வரிசையை (பவர் சைக்கிள் கவுண்ட்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பெட்டியில், ஒரே நாளில் போட்ட டிஸ்க்குகளுக்கு அது ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 192-ஐயும் (மின்சாரம் போய் ஹெட் அவசரமாக ஒதுங்கிய தடவைகள்) எழுதுங்கள். நான்குக்கும் பவர் எங்கிருந்து போகிறது என்பதையும் சொல்லுங்கள்.

நெல்லைவாசி:

12ஆம் வரிசை: முதல் டிஸ்க் 58, இரண்டாவது 58, மூன்றாவது 212, நான்காவது 58. 192: 41, 41, 195, 41.

எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) மூன்று சாட்டா பவர் பிளக் ஒரே வயரில் இருக்கின்றன. இரண்டு நேரடியாக முதல் இரு டிஸ்க்குக்கு. மூன்றாவது பிளக்கில் ஒன்றை இரண்டாக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டு மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் போகிறது. கெர்னல் லாக்கில் அந்த டிஸ்க்குக்கு மட்டும் 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்' நிறைய இருக்கிறது.

முத்துச்சரம்:

அப்படியானால் டிஸ்க் நல்லது. சர்வரை அணைக்காமலே அந்த ஒரு டிஸ்க் மட்டும் 154 தடவை கூடுதலாக மின்சாரம் இழந்திருக்கிறது. 192-இலும் அதே 154 வித்தியாசம். நான்காவது ஒழுங்காக இருப்பதால் எஸ்எம்பிஎஸ் பக்கப் பிளக் சரி. ஸ்ப்ளிட்டரில் மூன்றாவதுக்குப் போகும் கிளை மட்டும் பழுது.

ஸ்ப்ளிட்டரின் பிளக்கைப் பாருங்கள். வயர்கள் பிளாஸ்டிக்குக்குள்ளேயே வார்த்து மூடப்பட்டிருந்தால் தூக்கி எறியுங்கள். அந்த வகையில் உள்ளே கம்பிகள் விலகி, 12 வோல்ட் பக்கத்துக் கம்பியைத் தொட்டால் பிளக் உருகித் தீப்பிடித்த கேஸ்கள் உண்டு. ஒவ்வொரு வயரும் தனித்தனியாகப் பின்பக்கம் தெரியும்படி கிரிம்ப் செய்த (உலோக முனையில் அழுத்திப் பிடித்த) வகையே பாதுகாப்பு.

ஸ்ப்ளிட்டருக்கு ஒரு கணக்கும் உண்டு. சாட்டா பவர் பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5. 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். ஒரு சாட்டா பிளக்கிலிருந்து இரண்டு டிஸ்க் என்றால் விளிம்பில் நிற்கிறது. நான்காகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரை இதில் போடவே கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸில் மோலெக்ஸ் பிளக் (பழைய நான்கு பின் பவர் பிளக்) சும்மா இருந்தால் அதிலிருந்து கிரிம்ப் வகை மாற்றி ஒன்று எடுத்து மூன்றாவதுக்குத் தனியே கொடுங்கள்.

போட்டபின் செய்ய வேண்டியது: 12-ஐக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு க்ளியர், பிறகு ஸ்க்ரப். முதல் ஸ்க்ரப்பில் செக்சம் பிழை வரத்தான் செய்யும், பழைய ஓட்டைகளை மற்ற மூன்று டிஸ்க்கை வைத்து அப்போதுதான் நிரப்புகிறது. பயந்துவிடாதீர்கள். மறுபடி க்ளியர் கொடுத்து இரண்டாவது ஸ்க்ரப் ஓட்டுங்கள். அதில் பூஜ்யம் வர வேண்டும்.

தறியோசை:

192 மற்ற மூன்று டிஸ்க்கிலும் 41 இருப்பதைக் கவனித்தீர்களா? 58 தடவையில் 41 தடவை முறையாக ஷட்டவுன் ஆகாமல் அணைந்திருக்கலாம். இன்வெர்ட்டரில்தான் ஓடுகிறது என்றால் அதன் பின்புறச் சுவிட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கிறதா பாருங்கள். எஸ்எம்பிஎஸ் தன் கையிருப்பில் தாங்குவது 16 மில்லிசெகண்ட் அளவுதான். இக்கோ மோடில் மாறும் நேரம் அதைத் தாண்டிவிடும். யுஎஸ்பி உள்ள சின்ன யுபிஎஸ் ஒன்று நடுவில் இருந்தால் ட்ரூநாஸின் யுபிஎஸ் சர்வீஸ் தானே ஷட்டவுன் செய்துவிடும்.

31,000 மணி ஆனதால் உதிரியாக ஒரு டிஸ்க் வாங்கி வைப்பது நல்லது. வாங்கும்போது சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத) வகையா என்று மாடல் எண்ணை வைத்து உறுதிசெய்யுங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், தொடர்ந்து எழுதும்போது வேகம் படுத்துவிடும். ரீசில்வர் (மாற்றிய டிஸ்க்கில் தரவை மறுபடி நிரப்புவது) நாள்கணக்கில் இழுக்கும், நடுவில் டிஸ்க்கையே பூல் வெளியேற்றிவிடுவதும் உண்டு. டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை இஎஃப்ஏஎக்ஸ் என்று முடியும் மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020-இல் வெளிவந்தது. ரெட் பிளஸ் சிஎம்ஆர்.

புது டிஸ்க்கைப் பூலில் சேர்க்கும் முன் 'பேட்பிளாக்ஸ் -பி 4096 -டபிள்யூஎஸ்' (டிஸ்க் முழுவதும் எழுதிப் படித்துச் சோதிக்கும் கட்டளை) ஓட்டுங்கள். 4 டிபிக்கு நான்கு சுற்று எழுதிப் படிக்க இரண்டரை நாள் ஆகும். இது டிஸ்க்கில் இருப்பதை முழுக்க அழிக்கும், டிரைவ் பெயரை இரண்டு தடவை சரிபாருங்கள்.

நெல்லைவாசி:

ஸ்ப்ளிட்டர் வார்த்த வகைதான். மூன்றாவது டிஸ்க்குக்குப் போன பிளக்கின் 12 வோல்ட் ஓரம் பழுப்பேறி லேசாக உப்பியிருந்தது. டிஸ்க்கின் பின்களில் கருப்பு இல்லை. மோலெக்ஸிலிருந்து கிரிம்ப் வகை மாற்றி போட்டாயிற்று.

முதல் ஸ்க்ரப் 5 மணி 40 நிமிடம், மூன்றாவது டிஸ்க்கில் செக்சம் 87, எல்லாம் சரிசெய்யப்பட்டது. இரண்டாவது ஸ்க்ரப்பில் நான்கிலும் பூஜ்யம். இன்றோடு 16 நாள்: 12ஆம் வரிசை 59, 59, 213, 59. அணைத்துத் திறந்த அந்த ஒன்று மட்டுமே கூடியிருக்கிறது. 199 இன்னும் 38. இன்வெர்ட்டர் இக்கோ மோடில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன்.

முத்துச்சரம்:

அந்த டிஸ்க்கில் டேப்பின் மேல் 213 என்று தேதியோடு எழுதிவையுங்கள். முதல் மூன்று மாதம் ஒவ்வொரு ஸ்க்ரப் முடிந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள்.