விரலில் இறுகியிருந்த துணி

கிராம சுகாதார செவிலியர், பாம்பன் பக்கம்:

கடலில் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிற பெண்களின் கையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றியிருப்பார்கள். அவர்களில் ஒரு பிள்ளைக்குத் தலைப்பிரசவம், 31 வாரம். முங்குவதை நிறுத்திவிட்டாள். ஆனால் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கண்ணாடி போட்டுக் குனிந்து எடுப்பதை விடவில்லை. செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வராததால் வியாழக்கிழமை நானே கரைக்குப் போனேன்.

கால் வீங்கியிருந்தது. கேட்டேன். “உப்புத் தண்ணியிலயே நின்னா வீங்காதா நர்ஸம்மா?” என்றாள். தலை வலிக்கிறதா என்றேன். கண்ணாடி வார் இறுக்குகிறது என்றாள். கண் மங்கலாம். அதற்கும் உப்புத் தண்ணீர்தான் காரணமாம். எதைக் கேட்டாலும் கடலைக் கைகாட்டினாள், நானும் சரி என்று கேட்டுக்கொண்டேன்.

இடது கை மோதிர விரலில் சுற்றிய துணி சதைக்குள் பதிந்து, இரண்டு பக்கமும் தோல் பிதுங்கி நின்றது. அதைப் பார்த்தேன். பி.பி. கருவி தோள்பையில் இருந்தது. கொளுத்தும் வெயில், அவள் கையெல்லாம் ஈரம், பக்கத்தில் ஆட்கள் பாசியை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். “வர்ற செவ்வாக்கெழமை கட்டாயம் வந்துரு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வலிப்பு, கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறினால் வருகிற வலிப்பு. வீட்டில் காத்துக் கருப்பு என்று திருநீறு பூசியதில் கொஞ்ச நேரம் போனது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், காரணம் நான் சொல்லித் தரவில்லை. 108 வந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இறக்கியபோது பி.பி. 180/120. இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் வலிப்பை அடக்கும் மக்னீசியம் சல்ஃபேட்டை நரம்பில் 4 கிராம், இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் போட்டு, தானும் வண்டியில் ஏறி ராமநாதபுரம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த ஊசிதான் அவளைக் காப்பாற்றியது.

அங்கே, அந்தத் துணிக்கு அடியில் இருந்த மோதிரம் கழலவில்லை. வெட்டி எடுத்தார்கள். அவள் அம்மா அதை என் கையில் வைத்து, “ரெண்டு வாரமாவே கழலல, சோப்புப் போட்டும் பாத்தோம்மா” என்றார். குழந்தை 1,400 கிராம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த மோதிரத்தின் வெட்டுவாய் மட்டும் இன்னும் என் உள்ளங்கையில் உறுத்துகிறது.

ஸ்டாஃப் நர்ஸ், தொண்டிப் பக்கம்:

அக்கா, உங்களுக்கு மோதிரம். எனக்கு ஒரு நீல நிற வாளி.

மூன்றாவது பிரசவம், நள்ளிரவு, சுகாதார நிலையத்தில் நான் ஒருத்திதான். குழந்தை பிறந்து ஒரு நிமிடத்துக்குள் தொடையில், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் போட்டேன். நஞ்சுக்கொடி முழுதாக வந்தது, பரப்பி வைத்துச் சரிபார்த்தேன். கர்ப்பப்பை கெட்டியாக இருந்தது. குழந்தையைத் தாயின் நெஞ்சில் போட்டுப் பால் பிடிக்க வைத்தேன். எல்லாம் முறைப்படிதான்.

கூட இருந்தது அவளுடைய மாமியார். அரை மணி கழித்துத் துணியைத் தூக்கிப் பார்த்தேன், கொஞ்சம்தான் நனைந்திருந்தது. திருப்தியாக ஏடு எழுதப் போனேன். அப்புறம் கை கழுவக் குளியலறைக்குப் போனால் அங்கே அந்த வாளி. தண்ணீர் கருஞ்சிவப்பு. உள்ளே நாலு துணி. நான் பார்ப்பதற்கு முன்னாலேயே அவர் துணி மாற்றி மாற்றி அலசி வைத்திருக்கிறார். “கெட்ட ரத்தம்தானேம்மா, போனா நல்லதுதானே. உனக்கு எதுக்கு அந்த வேலைன்னு நானே அலசிட்டேன்” என்றார். என் மேல் உள்ள கரிசனத்தில் செய்தது.

ஓடிப் போய் வயிற்றில் கை வைத்தேன். கர்ப்பப்பை தளர்ந்து மாவு மாதிரி இருந்தது. தேய்த்துவிட்டுக்கொண்டே டிரிப்பில் ஆக்ஸிடோசின், அப்புறம் ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம். 108-க்கு ஆள் சொல்லி ஏற்றி அனுப்பினேன். பிழைத்தாள், மூன்று பாட்டில் ரத்தம் ஏறியது.

500 மில்லிக்கு மேல் போனால் ஆபத்து என்று மனப்பாடமாகச் சொல்வோம். கண்ணால் பார்த்து அளந்தால் பாதிதான் தெரியும். கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா நான்கு நாடுகளிலும் 80 மருத்துவமனைகளில் செய்த ஆய்வு 2023-ல் வெளியானது. இடுப்புக்குக் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்து ரத்தத்தை அளந்து, கூடினால் எல்லா சிகிச்சையையும் ஒரே மூச்சில் தொடங்கினார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வருகிற அறுவை சிகிச்சையும் மரணமும் சேர்த்து 60 சதவீதம் குறைந்தன. அளந்தே ஆக வேண்டும் என்பது எனக்கு அந்த வாளி சொன்னதுதான்.

ஓய்வு பெற்ற சமுதாய நல செவிலியர், சாயல்குடிப் பக்கம்:

பாம்பன் தங்கச்சிக்கு. பையில் இருந்த கருவியை எடுக்காததை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன், வெயிலில் பத்துக் கிராமம் நடந்தவள் நான். ஆனால் தலைவலி, கண் மங்கல், வீக்கம் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்ட பிறகு “செவ்வாய்க்கிழமை வா” என்றது தவறு. அதை மழுப்பக் கூடாது.

என் அனுபவம் ஒரு வரிதான். வாலிநோக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண், பி.பி. 130/80 என்று எழுதினேன், மறுநாள் வலிப்பு. சட்டைக் கை மேலேயே பட்டையைச் சுற்றி எடுத்த அளவு அது.

அதனால் இளையவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பி.பி. பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்துப் பார்க்காதீர்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு கூடிக் காட்டும். 140/90 வந்தால் நாலு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், சிறுநீரில் புரதம் பாருங்கள். 160/110 வந்தால் மறுபடி பார்க்கிறேன் என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மேல்வயிற்று வலியை வாயுத் தொல்லை என்று விடாதீர்கள். மக்னீசியம் போட்ட பெண்ணின் பக்கத்தை விட்டு நகராதீர்கள்: மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக் கூடாது, முழங்கால் தட்டினால் அசைய வேண்டும், சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும், மக்னீசியம் அளவு மீறினால் முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கால்சியம் மாத்திரையை 14-வது வாரத்திலிருந்து தினம் இரண்டு கொடுங்கள், இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்க விடாதீர்கள். இரண்டும் ஒன்றாகப் போனால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. இதையெல்லாம் படித்திருப்பீர்கள். கரையில் நிற்கும்போது நினைவு வர வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மூன்று பிள்ளைகளின் தாய், கீழக்கரைப் பக்கம்:

நீங்கள் எல்லாரும் அளவுகளைப் பேசுகிறீர்கள். படுத்திருந்தவள் நான், என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் பிள்ளைக்கு ஒரு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில். வலியில் கத்தியபோது நர்ஸ் தொடையில் அடித்தார். “அப்ப இனிச்சுது, இப்ப கசக்குதா?” என்றார். உம்மா கதவுக்கு வெளியே அழுதுகொண்டு நின்றார்கள். பிரசவ நேரத்தில் துணைக்கு ஒரு பெண் உள்ளே இருக்கலாம் என்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-லிருந்தே ஏற்பாடு இருக்கிறது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். அந்தப் பிள்ளைக்கு இப்போது 11 வயது. பிறந்தநாள் வரும்போதெல்லாம் தொடையில் கை போகிறது.

இரண்டாவது பிள்ளைக்கு வேறு இடம். சின்ன வயது நர்ஸ். திரையை இழுத்துவிட்டு, உம்மாவை என் தலைமாட்டில் உட்கார வைத்துவிட்டு, கையுறை போட்ட கையோடு நின்று, “பாக்கட்டுமா லாத்தா? வலிச்சா சொல்லுங்க, நிறுத்திருவேன்” என்றது. நான் தலையாட்டும் வரை கை வைக்கவில்லை. ஒருமுறை நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தியது.

அந்தப் பிள்ளை யார், இப்போது எங்கே வேலை பார்க்கிறது, எதுவும் எனக்குத் தெரியாது. மூன்றாவது பிரசவத்துக்கு அதே இடத்துக்குப் போய்த் தேடினேன், மாற்றலாகிப் போயிருந்தது.

சாயல்குடி அம்மா, பி.பி. பார்க்கச் சட்டைக் கையை உயர்த்த வேண்டும் என்கிறீர்கள். ஆண்கள் நிற்கிற கரையில் யார் உயர்த்துவார்கள்? மறைப்புக்கு ஒரு சேலையையும் பையில் வையுங்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

மீன்பிடித் தொழிலாளி, தங்கச்சிமடம் பக்கம்:

என் மனைவிக்குப் பிரசவம் ஆனபோது நான் கடலில். ஜூன் 14-ல் தடைக்காலம் முடிந்து முதல் முறை போன அன்று. கரைக்கு வந்த பிறகுதான் மகள் பிறந்த செய்தி கிடைத்தது. அதனால் உள்ளே என்ன நடக்கும் என்று எனக்கு ஒன்றும் தெரியாது, அம்மாதான் கூட இருந்தார்.

தொண்டி சிஸ்டர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டது இதுதான்: “நானும் அலசித்தான் வச்சேன். அலசக் கூடாதுன்னு அந்தப் புள்ள முன்னாலயே சொல்லிச்சாமா?”

ஸ்டாஃப் நர்ஸ், தொண்டிப் பக்கம்:

அம்மாவிடம் சொல்லுங்கள் அண்ணே, சொல்லவில்லை. துணைக்கு வந்தவரை உட்காரச் சொன்னேனே தவிர, எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தரவில்லை. இப்போது பிரசவ அறைக்குள் வந்ததுமே சொல்கிறேன்: “அயித்தை, துணியை நீங்க எடுக்காதீங்க, எனக்கு எண்ணணும். நனைஞ்சா உடனே கூப்பிடுங்க, பத்துத் தடவை கூப்பிட்டாலும் பரவாயில்ல.” வாளியை அறைக்கு வெளியே வைத்துவிட்டேன். போன மாதம் ஒரு பாட்டி ஏழு தடவை கூப்பிட்டார். ஏழாவது தடவை காரணம் இருந்தது.

கிராம சுகாதார செவிலியர், பாம்பன் பக்கம்:

சாயல்குடி அக்கா சொன்னதை மழுப்பவில்லை. தவறுதான். பையில் சேலை இன்று முதல் இருக்கிறது, கீழக்கரைத் தங்கச்சிக்கு நன்றி.

எழுதத் தூண்டிய காரணத்தை முதலில் சொல்லாமல் விட்டேன். அந்தப் பிள்ளை மறுபடி மாசமாக இருக்கிறாள், 13 வாரம். போன தடவை அப்படி ஆனதால் டாக்டர் ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் தொடங்கியிருக்கிறார். மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேட்டால் சாப்பிடுகிறேன் என்கிறாள். போன தடவை வந்தது உப்புத் தண்ணீரால்தான் என்று இன்னும் நம்புகிறாள், அதனால் இந்தத் தடவை தண்ணீரில் இறங்காமல் கரையில் பாசி உலர்த்தும் வேலை மட்டும் செய்கிறாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. நாளைக் காலை ஆறு மணிக்குக் கரைக்குப் போகிறேன், பாசி எடை போட ஆட்கள் வருவதற்கு முன்னால்.