டீசல் பம்பும் ஸ்பார்க் பிளக்கும் ஒரே எஞ்சினில்: இது அசலா, ஒட்டுப்போட்டதா?

பத்துமாவுங்_தம்பி:
மாமா விட்டுப்போன மரப்படகு பினாங்குத் தீவின் பத்து மாவுங்கில் கிடக்கிறது. இரண்டு சிலிண்டர் எஞ்சின், பச்சை பெயின்ட், பெயர்த்தகடு கிடையாது. டீசல் பம்ப் இருக்கிறது. கூடவே, டீசலுக்குத் தேவைப்படாத மேக்னட்டோ (பொறிக்கு மின்சாரம் தருவது), கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலப்பது), ஸ்பார்க் பிளக்கும் இருக்கின்றன. "பெட்ரோல் எஞ்சினை டீசலாக்கியிருக்கிறார்கள், பழைய இரும்புக்குப் போடு" என்கிறார் ஜெட்டி மெக்கானிக். போட மனசு வரவில்லை.

பிறை_அண்ணாச்சி:
அவர் சொல்வதுதான் சரி. பிறையில் பட்டறை வைத்திருந்த காலத்தில் இப்படி ஒட்டுப்போட்டவை எத்தனையோ பார்த்துவிட்டேன். பச்சையைப் பார்த்தால் லிஸ்டர் கம்பெனி எஞ்சினோ என்று தோன்றுகிறது.

கெல்வின்_பிரியன்:
அண்ணாச்சி, பெயின்டை நம்பாதீர்கள், யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். இது கிளாஸ்கோ பெர்கியஸ் கம்பெனியின் கெல்வின் டீசலாக இருக்கும். அவ்வளவு பெரிய டீசலைக் கையால் சுற்றினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தம், விடாது. அதனால் முதலில் பெட்ரோலில் கிளப்புவார்கள். ஓடத் தொடங்கியதும் லீவரைத் திருப்பினால் சிலிண்டர் தலையில் உள்ள கூடுதல் அறை அடைபடும், கம்ப்ரஷன் ஏறும், டீசலில் ஓடும்.

பிறை_அண்ணாச்சி:
லீவர் இருந்தாலே கெல்வினா? டீகம்ப்ரஷன் லீவர் பழைய டீசல் பலவற்றில் உண்டு.

கெல்வின்_பிரியன்:
அது வால்வைத் திறந்து பிடிக்கும், அவ்வளவுதான். இங்கே பிளக் அந்தக் கூடுதல் அறைக்குள் இருக்கும். தம்பி, பிளக் உட்காரும் மேடு வார்ப்பிலேயே வந்ததா, பிறகு துளைத்ததா என்று பெயின்டைச் சுரண்டிப் பாருங்கள். ஸ்ட்ரோக்கையும், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தையும், அளந்து பாருங்கள். கெல்வினில் ஜே வரிசை என்றால் 6 அங்குலம், கே என்றால் 9.

பத்துமாவுங்_தம்பி:
மேடு வார்ப்பிலேயே வந்ததுதான். அதே மணல் சொரசொரப்பு, துளைத்த தடமே இல்லை. கிராங்க் கதவைத் திறந்து ஃபிளைவீலை மெல்லச் சுற்றி, கனெக்டிங் ராட் ஏறி இறங்குவதை அளந்தேன். 9 அங்குலம்!

கெல்வின்_பிரியன்:
அப்படியானால் கே2, கே வரிசையின் இரண்டு சிலிண்டர் எஞ்சின். சிலிண்டர் உள்விட்டம் 6 அங்குலம், 44 குதிரைத்திறன், அதுவும் நிமிடத்துக்கு வெறும் 750 சுற்றில். சந்தேகமே வேண்டாம்.

பிறை_அண்ணாச்சி:
கெல்வின்தான், என் கணிப்பு தப்பு. ஆனால் கடலுக்குப் போவதென்றால் இதைக் கழற்றிவிட்டு யன்மார் டீசல் எஞ்சின் மாட்டு தம்பி. படகின் மூடிய அடித்தளத்தில் பெட்ரோல் ஆவி தேங்கினால் ஒரு பொறி போதும்.

கெல்வின்_பிரியன்:
அந்த பயம் நியாயமானது, ஆனால் எஞ்சினைக் கழற்ற அது காரணமாகாது. பெட்ரோல் டேங்கைச் சிறியதாக வையுங்கள். எஞ்சின் அறை மூடியைத் திறந்து காற்றாட விட்டு, ஆவி வாடை இல்லை என்று பார்த்த பிறகு கிளப்புங்கள். டீசலுக்கு மாறியதும் பெட்ரோல் குழாயை மூடிவிடுங்கள். கார்புரேட்டரை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் தம்பி, அது இல்லாமல் இந்த எஞ்சினைக் கையால் கிளப்ப வழியே இல்லை.