அண்ணியின் நேரம் யார் கணக்கில்? சிறு கடை, சிறு விடுதி நடத்துகிறவர்களின் அனுபவப் பகிர்வு

கரண்டிக்காரி:

போன மாதம் இங்கே சிங்கப்பூரில் சிறு கடைக்காரர்களுக்கான ஒரு வகுப்புக்கு நானும் அண்ணனும் போயிருந்தோம். அவனுக்கு காலைக்கடை: தோசை, புரோட்டா, தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்). எனக்கு அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கட்டி அனுப்பும் கடை. இரண்டும் சின்னதுதான்.

வகுப்பெடுத்தவர் உற்பத்தித்திறனை எப்படிக் கணக்குப் போடுவது என்று காட்டினார். மாத விற்பனையிலிருந்து வெளியே கொடுத்து வாங்கிய எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். அரிசி, எண்ணெய், கேஸ், கரண்ட், வாடகை எல்லாம் போய்விடும். சம்பளத்தை மட்டும் கழிக்கக் கூடாது. மிஞ்சுவதை, கடையில் எல்லோருமாக வேலை பார்த்த மொத்த மணி நேரத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அண்ணனுக்கு மிச்சம் 24,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நான்கு பேர், 960 மணி நேரம். மணிக்கு 25 வெள்ளி வந்தது. எனக்கு 18,000 வெள்ளி, 900 மணி நேரம், மணிக்கு 20. "பெண்கள் நடத்தும் கடைகளில் பொதுவாகக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும்" என்றார் அவர், சாயங்காலம் மழை வரும் என்பது போல. அண்ணன் என் பக்கம் திரும்பி, "நீ ஆட்களுக்கு ரொம்ப இடம் கொடுக்கிறே" என்றான்.

எம்ஆர்டி ரயிலில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நான்கு பேரில் அண்ணி எங்கே?

அண்ணி காலை ஐந்தரைக்கு வந்து கல்லாவில் உட்காருவார். கூட்டம் அதிகமானால் எழுந்து தட்டு எடுப்பார். பதினொன்றரைக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்ப்பார். ராத்திரி வீட்டில் மாவு அரைத்து, சட்னிக்கு வேண்டியதை நறுக்கி வைப்பார். கடையில் ஆறு மணி நேரம், வீட்டில் இரண்டு, மாதம் 26 நாள். மொத்தம் 208 மணி நேரம். அதையும் சேர்த்து வகுத்தேன். அண்ணன் கடைக்கு 20 வெள்ளி 55 காசு வந்தது.

எனக்கு மாவு அரைக்க, கல்லாவில் உட்கார என்று யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் வேறு வேலை பார்க்கிறார். ஆகவே என் கடையில் ஒவ்வொரு மணி நேரமும் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, சிபிஎஃப் (மத்திய சேமநிதி) கட்டியிருக்கிறேன்.

உங்கள் கடைகளில் எப்படி? யார் யார் கணக்கில் வருகிறார்கள், யார் வரவில்லை?


ஹாஸ்டல் அக்கா:

டன்லப் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் 24 படுக்கையுள்ள ஹாஸ்டல் நடத்துகிறேன். இரண்டு வாசல் தள்ளி இன்னொன்று இருக்கிறது. கிட்டத்தட்ட அதே அளவு, அதே வாடகை. நடத்துகிறவர் நல்ல மனிதர், எனக்கு சாவி தொலைந்தபோதெல்லாம் உதவியிருக்கிறார். சண்டைக்குச் சொல்லவில்லை.

அவர் ராத்திரி கவுண்டருக்குப் பின்னால் பாய் போட்டுப் படுத்துக்கொள்வார். விடியற்காலை இரண்டு மணிக்கு யாராவது சாங்கி விமான நிலையத்திலிருந்து வந்தால் எழுந்து பதிவு செய்வார். எனக்கு வீட்டில் ஏழு வயதுப் பையன். நான் அங்கே படுக்க முடியாது. ராத்திரிக்கு சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்திருக்கிறேன். அந்த மணி நேரம் முழுதும் என் கணக்கில் ஏறுகிறது. பக்கத்து ஹாஸ்டல்காரர் தூங்கியபடி பார்த்த வேலை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

விரிப்பு விஷயம் இன்னும் வேடிக்கை. நான் படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் லாண்டரிக்குப் போடுகிறேன். அந்தச் செலவு 'வெளியே வாங்கியது', ஆகவே மேலே கழிந்துவிடுகிறது. அவர் வீட்டில் அவர் மனைவி துவைத்து, மடித்து, டிராலி பையில் இழுத்துக்கொண்டு வருவார். அவருக்கு மேலே எதுவும் கழிவதில்லை, கீழே மணி நேரமும் சேருவதில்லை. இரண்டு பக்கமும் லாபம். நீங்கள் சொன்ன கணக்கை நேற்றிரவு போட்டுப் பார்த்த பிறகுதான் இது எனக்குப் புரிந்தது. பத்து வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன்!


தேக்கா தம்பி:

ஆண்கள் எல்லாம் மனைவியை வேலை வாங்கிப் பேர் வாங்குகிறார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எனக்கு பிரியாணிக் கடை. மனைவி தாதி (நர்ஸ்), ஷிப்டு வேலை. கடைப் பக்கம் வருவதே சாப்பிடத்தான். நானும் இரண்டு உதவியாளர்களும்தான். உங்கள் முறைப்படி போட்டேன், 19 வெள்ளி சொச்சம் வருகிறது. கரண்டிக்காரி அக்காவைவிடக் குறைவு.

அப்போ நான் என்ன, பெண்ணா?

போன தீபாவளி நேரத்தில் ஆள் பற்றாக்குறை. வீட்டில் இருக்கும் பணிப்பெண்ணை இரண்டு மணி நேரம் வெங்காயம் உரிக்க அழைத்து வரலாமே என்று யோசித்தேன். பக்கத்துக் கடை அண்ணன்தான் தடுத்தார். வேலை அனுமதியில் எழுதியிருக்கும் வீட்டில், வீட்டு வேலை மட்டும்தான். கடையில் நிறுத்தினால் குற்றம், அபராதம் முதலாளிக்கு. அது சரியான சட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், வெங்காயம் உரிக்கப் பணிப்பெண்ணை அழைத்து வந்தால் குற்றம், மனைவியை அழைத்து வந்தால் குடும்பப் பொறுப்பு.


வாழையிலை:

எனக்குக் கணக்கெல்லாம் அப்புறம். முதலில் மாஸ்டர்.

கணவர் இறந்த பிறகு அவருடைய சாப்பாட்டுக் கடையை எடுத்து நடத்துகிறேன். மாஸ்டர் அவர் காலத்து ஆள். ஒரு வருடம் வரை என்னிடம் லீவு கேட்டதே இல்லை. என் தம்பிக்குப் போன் போட்டுச் சொல்வார், தம்பி எனக்குச் சொல்வான். தம்பிக்கும் கடைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவன் டாக்சி ஓட்டுகிறான். குழம்பில் உப்பு கூடியிருக்கிறது என்று நான் சொன்னால் கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய் நிற்பார். அந்த அரை மணி நேரம் நான் அடுப்பில். அதுவும் உற்பத்தித்திறன் குறைவுதானே?

அவர் ஊருக்குப் போனதும் இந்தியாவிலிருந்து சமையல்காரரை எடுக்கப் பார்த்தேன். 2023 செப்டம்பரிலிருந்து இந்திய உணவகங்கள் வேலை அனுமதியில் இந்தியச் சமையல்காரரை எடுக்கலாம். குறைந்தது 2,000 வெள்ளி சம்பளம் தர வேண்டும், உள்ளூர் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்றபடிதான் இடம் கிடைக்கும். எங்கள் மாதிரி நாலு பேர் கடைக்கு அந்த விகிதம் சுலபத்தில் எட்டாது. கடைசியில் நானே மாஸ்டர் ஆகிவிட்டேன். உப்பு சரியாக இருக்கிறது.

பாத்திரம் கழுவும் இயந்திரம் விற்க வந்தவர் கதையையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் விளக்கிவிட்டு, "சார் எப்போ இருப்பார்?" என்றார். சார் படத்தில் மாலையோடு இருக்கிறார் என்று சுவரைக் காட்டினேன். பாவம், ஐந்து நிமிடம் பேச்சே வரவில்லை. பிறகு நன்றாக விலை குறைத்துக் கொடுத்தார்.


பழைய கணக்கன்:

முப்பது வருடம் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதியவன். ஒன்றிரண்டு சொல்கிறேன்.

வகுப்பெடுத்தவர் சொன்னது முழுப் பொய் இல்லை. உலக வங்கி பல நாடுகளில் நிறுவனங்களிடம் எடுக்கும் கணக்கெடுப்புகளில், பெண்கள் நடத்தும் நிறுவனங்களில் ஓர் ஆளுக்கான விற்பனை குறைவாக இருப்பது அடிக்கடி காணப்படுவதுதான். ஆனால் கடை எவ்வளவு சிறியது, எந்தத் தொழில், எவ்வளவு முதல் போட்டது என்று பிரித்துப் பார்க்கும்போது அந்த இடைவெளியில் பெரும்பகுதி கரைந்துவிடும். இங்கே சம்பளக் கணக்கிலும் அதே கதை. 2023இல் ஆண், பெண் சம்பள இடைவெளி 14.3 விழுக்காடு. வயது, படிப்பு, வேலை, துறை, வேலை நேரம் ஒன்றாக இருப்பவர்களை ஒப்பிட்டால் 6 விழுக்காடு. மிச்சமிருக்கும் அந்த ஆறு ஏன் என்பது வேறு கேள்வி, அதை நான் சின்னதாக நினைக்கவில்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ஒரு வாடிக்கையாளர், காப்பிக்கடை, 19 வருடம். மனைவி தினமும் கடையில். ஒரு மாதம்கூடச் சம்பளச் சீட்டு இல்லை. "ஒரே பைதானே, எதுக்கு?" என்பார் அவர். அந்த அம்மாவுக்கு 55 வயதானபோது இருவரும் சிபிஎஃப் கணக்கைப் பார்க்க வந்தார்கள். கல்யாணத்துக்கு முன் தொழிற்சாலையில் வேலை பார்த்த காசும் அதன் வட்டியும்தான் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம், "காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

அவருடைய கடைதான் என் வாடிக்கையாளர்களிலேயே ஆளுக்கு அதிகம் சம்பாதித்த கடை. தாளில்.


ஈசூன் இட்லி:

நான் கடையே இல்லாதவள். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டிலிருந்து இட்லி, மாவு ஆர்டர். வீட்டில் குடியிருக்காத ஆளை வேலைக்கு வைக்கக் கூடாது, வீட்டு உபயோகத்துக்கு இல்லாத பெரிய கருவி கூடாது. அதனால் இரண்டு லிட்டர் கிரைண்டர் மூன்று வைத்து மாற்றி மாற்றி ஓட்டுகிறேன். பத்து லிட்டர் கிரைண்டரில் ஒரே தடவையில் முடிகிற வேலை, விடியற்காலை நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை இழுக்கிறது. என் மணிக்கு என்ன வரும் என்று போட்டுப் பார்க்கவே பயம்.

கடை எடுக்கலாம் என்று நம்பி பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஒன்று வாங்கினேன். உற்பத்தித்திறன் மானியத்தில் பாதி வரை திரும்ப வரும் என்றார்கள், ஆனால் முதலில் முழுப் பணத்தையும் நாம் போட வேண்டும். முன்பணம், வாடகை, அதோடு இது. மூச்சு முட்டியது. கடை எடுக்கவில்லை, மானியத்துக்கும் எழுதிப் போடவில்லை. அட்டை பிரிக்காமல் தங்கை வீட்டு ஸ்டோரில் கிடக்கிறது.


கரண்டிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. தேக்கா தம்பி சொன்னது சரி, நான் தலைப்பைக் கொஞ்சம் கோபத்தில் வைத்துவிட்டேன். ஆணா பெண்ணா என்பதைவிட, கடைக்குப் பின்னால் ஒரு அண்ணி இருக்கிறாரா என்பதுதான் கணக்கை மாற்றுகிறது. என்ன, பெண் முதலாளிக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். 20 வெள்ளி 55 காசு தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அண்ணன், "இப்படிப் போட்டா என் கடை விழுந்துடுமே" என்றான். அண்ணி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் நின்றார். "என் நேரத்தை எழுதினா சம்பளத்தையும் எழுதணும்ல?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் ரசம் சூடாக இருக்கிறது என்றான்.

நேற்றுக் காலை கடை வழியாகப் போனேன். வேலை நேரம் எழுதும் நோட்டில் ஐந்தாவதாக ஒரு பெயர், அண்ணியின் கையெழுத்தில். 5.30 என்று போட்டிருந்தார். வீட்டில் மாவு அரைத்த இரண்டு மணி நேரத்தையும் முந்தின நாள் வரிசையில் சேர்த்திருந்தார். சம்பளப் பத்தி இன்னும் காலி.

ஈசூன் இட்லி, அந்த கிரைண்டரின் படம் அனுப்புங்கள். அண்ணிதான் கேட்கச் சொன்னார்.