அம்மாவுக்குக் கையால் செய்து கொடுக்க யோசனை வேண்டும் (பீரோவுக்குள் போகாத மாதிரி)

செந்தூல்_மகள்:
வணக்கம். மே மாதம் இரண்டாவது ஞாயிறு அன்னையர் தினம் வருகிறது. அம்மா பட்டர்வொர்த்தில் இருக்கிறார், எனக்குக் கோலாலம்பூரில் வேலை. வருடா வருடம் நைட்டி, கைப்பை, ஒரு தடவை கைக்கடிகாரம் என்று வாங்கிக் கொடுத்தாயிற்று. "நல்லா இருக்கு, எதுக்கு இவ்வளவு வெள்ளி செலவு" என்பார், பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்துவிடுவார். இந்த முறை என் கையாலேயே ஏதாவது செய்து கொடுக்க ஆசை. கைத்தையல் ஓரளவு வரும், மெஷின் கிடையாது. அவர் தோட்டத்தில் இருந்தபோது கட்டிய பழைய நூல் சேலைகள் சில என்னிடம் இருக்கின்றன, வெளியூர் படிக்கக் கிளம்பியபோது போர்த்திக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தவை. அதில் ஏதாவது செய்யலாமா? வெட்ட மட்டும் மனசு வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:
வெட்டவே வேண்டாம் தங்கச்சி. சேலை ஐந்தரை மீட்டர் இருந்தால் அதன் நீளத்தை மூன்றாக மடியுங்கள். ஏறக்குறைய ஆறடிக்கு மூன்று அடுக்குப் போர்வை தானாக வந்துவிடும், முந்தானை மேல்பக்கம் வருகிற மாதிரி மடித்தால் இன்னும் அழகு. நம் ஊர் வெக்கைக்கு உள்ளே பஞ்சு வைக்கவே கூடாது, அந்த மூன்று அடுக்கே மத்தியானத் தூக்கத்துக்குப் போதும். முதலில் பழைய கஞ்சி போகிற வரைக்கும் நன்றாக அலசிக் காய வையுங்கள், கஞ்சி மிச்சம் இருந்தால் பூச்சி அரிக்கும். அப்புறம் தரையில் சுருக்கம் இல்லாமல் விரித்து, பெரிய பெரிய தையலாகப் போட்டு அடுக்குகளை நிறுத்திக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்தைப் பார்த்து ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக விட்டு நேராகப் போகிற தையல்) போடுங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் துணி நடுவில் உப்பிக்கொள்ளும். நூலை இழுக்காதீர்கள். நைந்துபோன இடம் இருந்தால் அதன் மேல் தையலை நெருக்கமாகப் போட்டால் தாங்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். பட்டுச் சேலையில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், பழைய பட்டு மடிப்பிலேயே விட்டுப்போகும். அவசரமாக முடிகிற வேலை இல்லை இது, இன்றைக்கே ஊசியை எடுங்கள்.

ஆயர்_ஈத்தாம்_தம்பி:
அக்கா சொல்வது நல்ல யோசனைதான், ஆனால் அந்தப் போர்வையும் பீரோவுக்குத்தான் போகும் என்று எனக்குத் தோன்றுகிறது, அதுவும் மகள் தைத்தது என்றால் இன்னும் பத்திரமாக. நான் செய்தது வேறு. அம்மாவின் மீன் கறி, புளிக்குழம்பு, தீபாவளி முறுக்கு எல்லாவற்றையும் ஒரு தடித்த நோட்டில் எழுதினேன். அவருக்கு எல்லாமே கண்ணளவு, கேட்டால் "கொஞ்சம் போடு" என்பார். அதனால் கிண்ணத்தைத் தராசின் மேல் வைத்துவிட்டு அவர் கையால் அள்ளிப் போடச் சொல்லி, பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டேன். மிளகாய்த்தூளை அவர் விரல் நுனியில் தட்டித் தட்டிப் போடுவதை இத்தனை வருடத்தில் அப்போதுதான் கவனித்துப் பார்த்தேன். இப்போது வருகிறவர்களிடம் எல்லாம் அந்த நோட்டைக் காட்டுகிறார்.

செராஸ்_வாசகன்:
கையால் ஒரு கடிதமும் எழுதுங்கள், தமிழில். அமெரிக்காவில் இந்த நாளைத் தொடங்கிவைத்த ஆன்னா ஜார்விஸ் 1908-இல் தன் அம்மாவின் நினைவாக ஒரு தேவாலயத்தில் வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தார். 1914-இல் அது அங்கே அரசு அறிவித்த நாளாகவும் ஆனது. கடைகள் அச்சடித்த வாழ்த்து அட்டைகளை விற்க ஆரம்பித்ததும் அவரே அதைக் கடுமையாக எதிர்த்தார், அம்மாவுக்கு எழுதச் சோம்பல்படுகிறவர்களுக்குத்தான் அந்த அட்டை என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். என் அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர், வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார், ஆனால் நான் எழுதிக் கொடுத்த கடிதம் சாமி மேடையில் விபூதிக் கறையோடு இருக்கிறது. என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் அவர் உங்களுக்காகச் செய்ததில் ஒன்றே ஒன்றை எடுத்து விவரமாக எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா போதும், சில ஜெல் மை ஈரக் கை பட்டால் கலைந்துவிடும்.

செந்தூல்_மகள்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போர்வைதான், கூடவே கடிதமும். சமையல் நோட்டு தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது, அதற்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டுமே. சேலை பச்சை, ஓரம் மஞ்சள். நூல் எங்கே வாங்குவது அக்கா, என்ன நிறம் எடுப்பது?

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:
மஸ்ஜித் இந்தியா பக்கம், ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கம் துணிக்கடைகளில் பாருங்கள். பருத்தி நூலே கேளுங்கள், சேலையைக் கையில் கொண்டுபோய் ஒட்டிவைத்துப் பார்த்து வாங்குங்கள். நானாக இருந்தால் ஓரத்து மஞ்சளிலேயே முழுக்கத் தைப்பேன், பச்சை மேல் தையல் எடுப்பாகத் தெரியும். அந்த நூலைக் கொஞ்சம் நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள், சாயம் விடுகிறதென்றால் வேண்டாம். தைத்து முடித்ததும் நீங்களே ஒரு தடவை துவைத்துவிடுங்கள், புதுசு மாதிரி இருந்தால்தானே எடுத்து வைப்பார். தம்பி பயப்படுகிற மாதிரி ஆகாமல் இருக்க இன்னொன்றும் செய்யுங்கள், பெட்டியில் போட்டுச் சுற்றிக் கொடுக்காமல் நேராக அவர் கட்டிலிலேயே விரித்துவிடுங்கள்.