ஜெபக்குறிப்பு வாசித்த அனுபவம், வாசிக்கக் கேட்ட அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

எங்கள் கோயில் வாசலில் ஒரு சின்ன மேஜை, அதன் மேல் ஒரு நீள நோட்டு, நூலில் கட்டிய பேனா. ஆராதனைக்கு வருகிறவர்கள் யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அதை எழுதிவிட்டு உள்ளே போவார்கள். இரண்டாம் மணி அடித்ததும் நான் நோட்டை எடுத்துக்கொண்டு போய், பிரசங்கம் முடிந்த பிறகு விண்ணப்ப நேரத்தில் வாசிப்பேன். பதினோரு வருடமாக இதுதான் என் வேலை. தாமிரபரணிக் கரையோரம், தூத்துக்குடி மாவட்டம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, இதில் வருகிறவர்கள் எல்லாரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

நோட்டைப் பார்த்தே எந்த மாதம் என்று சொல்லிவிடலாம். பிப்ரவரி, மார்ச்சில் பத்தாவது, பன்னிரண்டாவது எழுதும் பிள்ளைகளின் பெயர் வரிசையாக இருக்கும், சிலர் பரீட்சை எண்ணையும் சேர்த்தே எழுதிவிடுவார்கள். மே, ஜூனில் காலேஜ் சீட்டும் பீஸ் பணமும். பதநீர்க் காலத்தில் பனையேறுகிறவர்களின் வீட்டுப் பெண்கள் "கால் வழுக்கக் கூடாது" என்று மட்டும் எழுதுவார்கள், அதற்கு மேல் எதுவும் இருக்காது. வருடம் முழுக்க மாறாமல் வருவது சுகர், கடன், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை.

நாலு வருடத்துக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இதை ஆரம்பித்தேன். ஒரு மாமியார் தன் மருமகள் பெயரைப் போட்டு, மூன்றாவது முறையும் கரு தங்கவில்லை, கர்த்தர் கர்ப்பத்தை ஆசீர்வதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். எழுதியதை எழுதியபடி வாசிப்பது என் பழக்கம், அதையும் அப்படியே வாசித்தேன். சபை முழுவதும் "கர்த்தாவே, எங்கள் விண்ணப்பத்தைக் கேட்டருளும்" என்று சொன்னது. தலையைத் தூக்கிப் பார்த்தால் பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் அந்தப் பெண் முக்காட்டை முகம் மறைய இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், முன் வரிசைக்காரர்கள் கூடத் திரும்பி அவளைப் பார்க்கிறார்கள். திருவிருந்துக்கு அவள் எழுந்து வரவில்லை. அடுத்த மூன்று வாரம் கோயிலுக்கே வரவில்லை.

ஐயரிடம் (எங்கள் சபைக் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) சொல்லி வருத்தம் தெரிவிக்கச் சொல்லலாம் என்று இருந்தேன். என் மனைவிதான், வாசித்தது நீங்க, போக வேண்டியதும் நீங்கதான் என்று கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பெண் காப்பி போட்டுக் கொடுத்தாள். மாமியார் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "எனக்காக ஜெபம் பண்ணுனதுல வருத்தம் இல்லண்ணே. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கூட கதவச் சாத்திட்டுத்தான் எங்கிட்ட பேசுனாங்க. நீங்க மைக்ல சொல்லிட்டிய." என்னால் ஒன்றும் பதில் சொல்ல முடியவில்லை. மன்னிச்சிரும்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு ஐயரிடம் பேசி இரண்டு மாற்றம் செய்தோம். இன்னொருவருக்காக எழுதினால் அவரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். சத்தமாக வாசிக்க வேண்டாம் என்று நினைப்பதைச் சீட்டில் எழுதிப் பூட்டுப் போட்ட பெட்டியில் போடலாம், சாவி ஐயரிடம் மட்டும். முதல் மாதமே பெட்டி நிரம்பிவிட்டது. ஐயர் யார் எவர் என்று சொல்லவில்லை, ஆனால் என்ன வந்தது என்று சொன்னார்: குடி, கைநீட்டும் புருஷன், கந்துவட்டி, ஒளித்துச் சாப்பிடுகிற மனநோய் மாத்திரை, பேசாமல் போன அண்ணன் தம்பிகள். இத்தனை வருடம் இந்த வீடுகளுக்காகவும் நான் சுகர், காய்ச்சல் என்றுதான் வாசித்திருக்கிறேன், அவர்களும் வேறு வழியில்லாமல் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

உலகத்துக்கான ஜெபம் எங்கள் ஊரில் நெடுநாள் ஒரு வரிதான், "உலக சமாதானத்துக்காக" என்று. அது மாறியது உலக ஜெப நாளில். மார்ச் முதல் வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கத்தார் நடத்துவார்கள், ஒவ்வொரு வருடமும் ஒரு நாட்டுப் பெண்கள் ஆராதனை முறையை எழுதுவார்கள், அதே நாளில் எல்லா தேசங்களிலும் அதையே வைத்து ஜெபிப்பார்கள். 2024இல் எழுதியவர்கள் பாலஸ்தீனப் பெண்கள். எண்பது தாண்டிய ஒரு பாட்டி, "அது வேதத்துல உள்ள ஊருல்லா, அங்க இப்பவும் சனம் இருக்கா?" என்று கேட்டார். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்குப் பெத்லகேமில் லுத்தரன் கோயில் ஒன்றில் குடில் கட்டாமல், உடைந்த கற்குவியலுக்கு நடுவே குழந்தை இயேசுவைக் கிடத்தி வைத்திருந்த படம் என் போனில் இருந்தது. காட்டினேன். பாட்டி வெகுநேரம் போனைத் திருப்பித் தரவில்லை. அவருக்கு எழுத வராது, பேரனை வைத்து இன்றுவரை வாராவாரம் "பெத்லகேம் ஊர்ச் சனங்களுக்காக" என்று எழுத வைக்கிறார். அடுத்த வருடம் குக் தீவுகளின் பெண்கள் எழுதினார்கள், 139ஆம் சங்கீதத்தை வைத்து. பசிபிக்கில் சிதறிக் கிடக்கிற பதினைந்து தீவு, கடல் ஏறினால் போச்சு. அது எங்களுக்கு விளக்கத் தேவைப்படவில்லை, வெள்ளம் பார்த்தவர்கள் நாங்கள்.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியபோது சென்னைக்காக ஜெபித்தோம். அடுத்த இரண்டு வாரத்தில், 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கே வந்துவிட்டது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கரண்ட் இல்லை, போன் இல்லை, கோயிலுக்குள் இடுப்பளவு தண்ணீர். மாடி வீட்டில் நாற்பது பேர் இருந்தோம், முதல் சோறு பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலில் ஆக்கி, லாரி டியூபைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து கொடுத்தது. தண்ணீர் வடிந்து முதல் ஆராதனை கூடினபோது பழைய நோட்டு உப்பிப் போய் மையெல்லாம் ஓடியிருந்தது. புது நோட்டில் முதல் வரியாக யாரோ எழுதியிருந்தார்கள்: "நமக்குச் சோறு தந்த பள்ளிவாசல் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்க." அவர்களிடம் பேசிக்கொண்டே சாப்பிட்டவர் யாரோ எழுதியது, இல்லாவிட்டால் வேலைக்காக என்று தோன்றியிருக்காது.

உங்கள் சபைகளில் எப்படி? எதைச் சத்தமாகச் சொல்கிறீர்கள், எதைச் சொல்வதில்லை?

* * *

நான் குமரி மாவட்டத் தூத்தூர் பக்கத்துக் கடற்கரைக்காரி, கத்தோலிக்கர். எங்களுக்கு நோட்டு கிடையாது. பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு ஐந்தாறு எழுதி வாசிப்போம், கடலுக்குப் போனவர்களுக்காக ஒன்று எப்போதும் உண்டு. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். இங்குள்ள படகுகள் போனால் வாரக்கணக்கில் தங்கிப் பிடிப்பவை, எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று வீட்டுக்குத் தெரியாது. டிசம்பர் முழுவதும் "பத்திரமாகக் கரை திரும்ப" என்று பெயர் பெயராக நான்தான் வாசித்தேன். குஜராத்தில் ஒதுங்கினார்கள், லட்சத்தீவில் ஒதுங்கினார்கள் என்று செய்தி வர வரப் பட்டியல் குறைந்தது. பிறகு ஒரு கட்டத்தில் குறைவது நின்றுவிட்டது.

எப்போது அந்த மன்றாட்டை நிறுத்தி "ஆன்மா இளைப்பாற்றி அடைய" என்று மாற்றுவது? எங்கள் பங்குக் குரு அச்சனிடம் கேட்டேன். நானோ நீயோ முடிவு செய்ய முடியாது, வீட்டுக்காரிகளிடம் போய்க் கேள் என்றார். போனேன், அதைவிடக் கஷ்டமான வேலை எதுவும் நான் செய்ததில்லை. காணாமல் போனவரை இறந்தவர் என்று சொல்லச் சட்டப்படி ஏழு வருடம் ஆக வேண்டும், அதைத் தளர்த்தி அரசு 20 லட்சம் கொடுத்தது. ஒருத்தி சொன்னாள்: "சர்க்கார் காகிதத்துல கையெழுத்துப் போட்டது பிள்ளைகளுக்காக. பூசையில மாத்தி வாசிச்சா நான் எழும்பிப் போவேன்." அதனால் இரண்டு மன்றாட்டும் வாசித்தோம். பல வீட்டார் ஒவ்வொருவராக வந்து, இனி அந்தப் பக்கம் வாசி என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள், சிலர் கல்லறைத் திருநாளன்று. கல்லறை இல்லாததால் கடலோரத்தில் மெழுகுதிரி வைத்தார்கள். மூன்று பெயர் இன்னும் முதல் பட்டியலிலேயே இருக்கிறது. இந்த ஞாயிறும் வாசித்தேன்.

* * *

பெட்டி வைத்தது நல்லது. எங்கள் சபையில் அது இல்லாமல் நான் பட்டது வேறு. மூன்று வருடத்துக்கு முன் மனச்சோர்வுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தேன், என் அம்மா நம்பிக்கையான ஒருவரிடம் சொல்ல, அது வாலிபர் ஜெபக்கூட்டத்தில் "பிசாசின் பிடியிலிருந்து விடுதலை" என்று என் பெயரோடு வந்தது. மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தவில்லை, சபையைத்தான் நிறுத்தினேன். இப்போது போகிற சபையில் ஒரு அக்கா, "உனக்காக என்ன கேட்கட்டும், நீயே சொல்" என்று கேட்டார். ராத்திரி தூக்கம் வர வேண்டும் என்று சொன்னேன். அதை மட்டும் ஜெபித்தார், வேறு எதையும் சேர்க்கவில்லை.

* * *

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது நாங்கள் வேறு சபையில் ஆராதனையில் இருந்தோம். அதே காலையில் குண்டு வெடித்த கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிக் கோயில்கள், கொழும்பு ஹோட்டல்கள் எல்லாம் சேர்த்து இறந்தவர்கள் 250 பேருக்கு மேல். எங்கள் ஊரில் போனவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் அதிகம், எனக்குத் தெரிந்த பிள்ளைகளும் இருந்தார்கள்.

கொஞ்ச நாள் கோயில்களில் கூட விடவில்லை, வீட்டில் பத்துப் பேராகச் சேர்ந்து ஜெபித்தோம். ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் காயப்பட்ட பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபித்தார். பிறகு, "அந்தக் குண்டோட வந்த பொடியன்ட தாயையும் நினைச்சருளும்" என்றார். சகோதரியின் பிள்ளை அவசர சிகிச்சையில் கிடந்த ஒருவர் எழும்பி வெளியே போய்விட்டார். எனக்கும் அந்த நேரம் நெஞ்சு கொதித்தது என்பதை மறைக்க மாட்டேன். முடிந்த பிறகு அவர் முற்றத்தில் நின்று, "டீச்சர், இப்ப ஏலாது" என்று மட்டும் சொன்னார். டீச்சர், "சரி தம்பி, ஏலும் எண்டு நீங்க சொல்லும் வரைக்கும் நான் வீட்டில தனியச் சொல்லுறன்" என்றார். பிறகு கூட்டத்தில் அதை அவர் சொல்லவே இல்லை. அந்தக் கிழமை, பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருக்கும் என் சிநேகிதி போன் எடுத்து ஒன்றும் கதைக்காமல் அழுதாள், நானும் அழுதேன். அவளுக்காக ஜெபிக்கிறேன் என்று சொல்லலாமா என்று கேட்டுத்தான் சொன்னேன். சொல்லு என்றாள்.

* * *

குவைத். இங்கே ஆராதனை வெள்ளிக்கிழமை. 2024 ஜூன் 12 மங்காஃப் கட்டடத் தீயில் நம் இந்தியர்கள் 45 பேர் போனார்கள், தமிழ்நாட்டுக்காரர்கள் ஏழு பேர். அந்த வெள்ளி, குறிப்புச் சீட்டு கொடுத்த பையன்களில் பாதிப் பேர் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்: ஊரில் அம்மா டிவி பார்த்துவிட்டுப் பயந்து போய் இருக்கிறாள், அவளுக்குச் சமாதானம் வேண்டும் என்று. ஒரு அறையில் ஒன்பது பேர், பத்துப் பேர் படுக்கிறார்கள், தங்களுக்காக ஒருவரும் எழுதவில்லை. அதனால் நாங்களாகவே அவர்கள் தங்கும் இடங்களுக்குப் போய்ப் படிக்கட்டு, சிலிண்டர், வயர் எல்லாம் பார்த்துவிட்டு வந்தோம்.

* * *

முதலில் எழுதியவன்தான். கடற்கரை அக்கா, அந்த மூன்று பெயர்களை எங்கள் சபையிலும் சொல்லலாமா என்று அவர்கள் வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள். சரி என்றால் மட்டும். மட்டக்களப்புச் சகோதரி எழுதியதை இரண்டு தடவை படித்தேன், என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. முக்காட்டை இழுத்துக்கொண்ட அந்தப் பெண் நாலாவது வாரம் கோயிலுக்கு வந்தாள், ஆனால் நோட்டுப் பக்கம் திரும்பவே மாட்டாள். அவளுக்கு இன்னும் பிள்ளை இல்லை. போன ஞாயிறு நோட்டை எடுத்தபோது புதுக் கையெழுத்து ஒன்று இருந்தது. தன் தெருவில் கணவனை இழந்த ஒரு அக்காவுக்குப் புதன்கிழமை பாளையங்கோட்டையில் கர்ப்பப்பை ஆப்பரேஷன், கூட இருக்க ஆள் வேண்டும் என்று எழுதி, கீழே அடைப்புக்குள் சின்னதாக: "அக்காவிடம் கேட்டுவிட்டேன். வயிற்றில் ஆப்பரேஷன் என்று மட்டும் வாசிக்கவும்." அப்படியே வாசித்தேன். ஆராதனை முடிந்ததும் கூட இருக்க இரண்டு பேர் வந்து பெயர் கொடுத்தார்கள்.