கலைச்சொல்: ‘குவாரண்டைன்’ – இரண்டு தீவுகளுக்கு ஒரே சொல் போதாது

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ‘குவாரண்டைன்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் எழுதியதற்கு நன்றி. ‘தனிமைப்படுத்தல் என்று எல்லாருக்கும் பழகிவிட்ட சொல் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?’ என்று இருவர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. என் மேசையில் கிடக்கும் ஒரு வாக்கியத்தைக் காட்டுகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்காக ஐரோப்பியக் கொள்ளைநோய் பற்றிய பாடத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் இப்படி எழுத வேண்டியதாயிற்று: ‘வெனிஸ் நகரத்தார் ஒரு தீவில் நோயாளிகளைத் தனிமைப்படுத்தினார்கள், இன்னொரு தீவில் கப்பலில் வந்தவர்களைத் தனிமைப்படுத்தினார்கள்.’ இதைப் படிக்கும் பிள்ளை, ‘பிறகு ஏன் இரண்டு தீவு?’ என்று கேட்கும். அதற்கு என்னிடம் சொல் இல்லை.

அந்த இரண்டு தீவுகளும் உண்மையானவை. கொள்ளைநோய்க் காலத்தில் ஆட்களைப் பிரித்து வைக்கும் இடத்தை அங்கே ‘லாசரெட்டோ’ என்றார்கள். 1423இல் திறந்தது ‘பழைய லாசரெட்டோ’. பிளேக் கண்டவர்களைக் கொண்டுபோய் வைத்த இடம். அங்கே அண்மைக் காலத்தில் தோண்டியபோது பெருங்குழிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. 1468இல் வெனிஸ் ஆட்சி மன்றம் ஆணையிட்டு ஏற்படுத்தியது ‘புதிய லாசரெட்டோ’. அங்கே இருந்தவர்கள் நோயாளிகள் அல்லர், நோய் இருக்குமோ என்று ஐயப்பட்டவர்கள். அதன் பெரிய சரக்குக் கொட்டகையின் சுவர்களில் வணிகர்களும் காவலர்களும் செம்மண் நிறத்தில் எழுதிவைத்தவை இன்றும் நிற்கின்றன. எந்தக் கப்பல், எங்கிருந்து வந்தது, யார் வந்தார் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்களின் கையெழுத்து அது. முதல் தீவில் உயிருக்குப் போராட்டம், இரண்டாவதில் காத்திருப்பு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை.

இந்தக் காத்திருப்பு எப்படிப் பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லின் பொருள் அதில்தான் இருக்கிறது. 1347 அக்டோபரில் ஜெனோவாக் கப்பல்கள் சிசிலியின் மெசினாத் துறைமுகத்துக்கு நோயைக் கொண்டுவந்தன. அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மக்கள் மாண்டார்கள். பாதிவரை இருக்கும் என்போரும் உண்டு. எலியும் தெள்ளுப்பூச்சியும் அதன் உடலில் இருந்த கிருமியும் காரணம் என்று அன்று யாருக்கும் தெரியாது. பாரிஸ் மருத்துவப் பேராசிரியர்கள் 1345இல் சனியும் வியாழனும் செவ்வாயும் கும்பத்தில் கூடியதைக் காரணம் காட்டினார்கள். பல ஊர்களில் மக்கள், கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்று பழிபோட்டு யூதர்களை எரித்தார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் அது நடந்தது 1349 பிப்ரவரியில். காரணம் தெரியாத அதே காலத்தில், நோய் ஆளோடும் சரக்கோடும் பயணம் செய்கிறது என்பதை மட்டும் துறைமுக ஊர்கள் கண்ணால் கண்டு கற்றுக்கொண்டன.

அவற்றில் ஒன்றான ரகூசா (இன்று குரோவேஷியாவில் துப்ரோவ்னிக் என்று வழங்கும் நகரம்), 1377இல் ஒரு சட்டம் போட்டது. கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் மிர்கான் என்ற சிறுதீவிலோ சவ்தாத் ஊரிலோ ஒரு மாதம் தங்கிய பிறகே நகருக்குள் வரலாம். துறைமுகத்தை அடைத்துவிட்டால் வணிகத்தை நம்பிய ஊர் பட்டினி கிடக்கும், திறந்துவிட்டால் சாகும். இரண்டுக்கும் நடுவே கண்ட வழி இது. ‘நீ குற்றவாளி அல்ல, நோயாளியும் அல்ல, ஆனாலும் சில நாள் பொறு’ என்று சொல்லும் வழி. 30 நாள் பின்னர் 40 ஆயிற்று. நாற்பதுக்கான வெனிஸ் பேச்சுச் சொல்லிலிருந்துதான் இன்று உலகம் வழங்கும் ‘குவாரண்டைன்’ என்ற பெயர் வந்தது.

இனி, வந்த பரிந்துரைகள்.

> ‘மண்டலக் காப்பு’ என்று வைக்கலாமே? நாள் கணக்கு நமக்குப் புதிதல்ல.

அழகான எண்ணம். ஒரு மண்டலம் மருந்து சாப்பிடச் சொல்லும் மரபில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஆனால் மண்டலம் என்றால் நம்மில் பலருக்கு 48 நாள், நிர்வாகத்தில் அது ஒரு நிலப்பகுதி. ‘சென்னை மண்டலத்தில் 14 நாள் மண்டலக் காப்பு’ என்று செய்தியில் வந்தால் என்ன ஆகும்? இத்தாலியர்கள் 14 நாளையும் ‘நாற்பது’ என்றே அழைத்தார்கள் என்பது உண்மை. அவர்களுக்கு அது தேய்ந்துபோன பழஞ்சொல். நாம் இன்று புதிதாக ஆக்கும் சொல்லில் எண் பளிச்சென்று தெரியும்.

> ‘தொற்றொதுக்கம்’ ஏற்கெனவே அகராதியில் இருக்கிறது.

இருக்கிறது. ஆனால் ‘ஒதுக்கி வைத்தல்’ என்பது நம் ஊர்களில் மனிதர்களுக்கு என்ன செய்திருக்கிறது என்பதை நாம் எல்லாரும் அறிவோம். ஐயத்தின் பேரில் சில நாள் நிறுத்தப்பட்டவருக்கு அந்தச் சொல்லை நான் சூட்ட மாட்டேன்.

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் எழுதிய குறிப்புதான் எனக்கு வழி காட்டியது. தீர்ப்புக்கு முன் ஒருவரைத் தடுத்துவைப்பதை அங்கே ‘விளக்கமறியல்’ என்கிறார்கள், தண்டனைச் சிறையிலிருந்து அதைச் சொல்லிலேயே பிரித்துவிட்டார்கள் என்று சுட்டினார். தமிழ்நாட்டில் அதற்கு ‘நீதிமன்றக் காவல்’ என்று பெயர், ‘15 நாள் காவல்’ என்று நாளேடுகளில் அன்றாடம் படிக்கிறோம். ஆகவே என் பரிந்துரை ‘தொற்றுக்காவல்’.

‘காவல்’ என்றால் போலீஸ் நினைவு வருமே என்று மறுப்பு எழும். வரட்டும், ஆனால் அதற்கு முன்பே நம்மிடம் பயிர்க்காவல் உண்டு, ஊர்க்காவல் உண்டு, எல்லையில் நிற்கும் காவல்தெய்வம் உண்டு. தடுத்து வைப்பதும் காப்பதும் ஒரே சொல்லில் இருப்பதுதான் இதன் பலம். ரகூசாவின் சட்டமும் அந்த இரண்டையும் சேர்த்தே செய்தது. தனிமைப்படுத்தலை நோயாளிகளுக்கே விட்டுவிடலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். ‘பழைய தீவில் நோயாளிகளைத் தனிமைப்படுத்தினார்கள், புதிய தீவில் கப்பலில் வந்தவர்களைத் தொற்றுக்காவலில் வைத்தார்கள்.’ ‘மாலுமிகள் 40 நாள் தொற்றுக்காவல் முடிந்து கரையேறினார்கள்.’ என் காதுக்குத் தடுக்கவில்லை.

ஒன்று மட்டும் மீதம் இருக்கிறது. புதிய லாசரெட்டோவில் ஆட்கள் மட்டும் காத்திருக்கவில்லை; கம்பளி, பஞ்சு மூட்டைகளையும் பிரித்துக் காற்றாட வைத்தார்கள், புகை போட்டார்கள். இன்றும் அயல்நாட்டு விதையையும் நாற்றையும் இப்படி நிறுத்தி வைக்கிறார்கள். ‘விதைத் தொற்றுக்காவல்’, ‘தாவரத் தொற்றுக்காவல்’ என்று சொன்னால் வேளாண்மைத் துறையில் இருப்பவர்களுக்குச் சரியாகப் படுகிறதா? குழுவில் அத்துறை நண்பர்கள் மூவர் இருக்கிறீர்கள். உங்கள் அலுவலகக் கடிதத்தில் வரக்கூடிய ஒரு வாக்கியத்தில் இதைப் போட்டுப் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்.